மறு: சூப்பர்லூமினல் – மீயொளியா, ஒளிமிஞ்சா, ஒளிமுந்தா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

ஒளியைவிட விரைவான என்று பொருள்படும் சூப்பர்லூமினல் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'மீயொளி' என்ற சொல்லைப் பேராசிரியர் ஐயா சென்ற மடலில் முன்மொழிந்திருந்தார். மீக்கடத்தி (சூப்பர்கண்டக்டர்), மீயுரை (ஹைப்பர்டெக்ஸ்ட்) ஆகிய சொற்களில் 'மீ' வேரூன்றிவிட்டது என்பதும், பள்ளிப் பிள்ளைகள் மீச்சிறு பொது மடங்கு என்று நாள்தோறும் எழுதுகிறார்கள் என்பதும் அவர் காட்டிய சான்றுகள். சொல்லாக்க முறையில் அதில் எனக்குக் குறை தெரியவில்லை. ஆயினும் நேற்று மாலை ஒரு சோதனை செய்தேன். நம் கலைச்சொல் தொகுப்புக்கான பத்தி ஒன்றை நான் வாய்விட்டுப் படிக்க, பதினோராம் வகுப்பில் இயற்பியல் பயிலும் என் பேத்தி தட்டச்சு செய்தாள். திரையில் 'மீயொலிப் பயணம்' என்று வந்து நின்றது. திருத்தச் சொன்னபோது, ஸ்கேன் எடுக்கும் இடத்தில் பயன்படுவது அதுதானே தாத்தா என்று கேட்டாள். அவள்மேல் பிழையில்லை, பாடநூலில் மீயொலி அலைகளைப் படித்தவள் அவள். லகர ளகரத்தைக் காதால் பிரித்தறிவோர் நம் சென்னையில் எத்தனை பேர் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஓர் எழுத்தை நம்பி ஒரு கலைச்சொல்லை நிறுத்தினால், வகுப்பறையில் அது முதல் நாளே சரிந்துவிடும்.

அதே ஆங்கிலச் சொல்லுக்கு நம் குழும அம்மையார் ஒருவர் தந்த 'ஒளிமிஞ்சு' இந்த இடரிலிருந்து தப்பிவிடுகிறது. என் தயக்கம் வேறு: மிஞ்சுவது எது என்பதை அச்சொல் கேட்பதேயில்லை. திருவல்லிக்கேணியில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மெரினா கலங்கரை விளக்கத்தின் ஒளி இருட்டில் சுழன்று வருவது தெரியும். அது எட்டு நொடிக்கு ஒருமுறை சுழல்வதாகவும், அதன் கற்றை நிலவுவரை சிதறாமல் எட்டுவதாகவும் கொள்வோம். நிலவின் தொலைவு சுமார் 3,84,400 கிலோமீட்டர். அந்த ஆரத்தில் வட்டத்தின் சுற்றளவு ஏறத்தாழ 24,15,000 கிலோமீட்டர். எனவே நிலவின் முகத்தில் அந்த ஒளிப்பொட்டு நொடிக்குச் சுமார் 3,02,000 கிலோமீட்டர் வேகத்தில் நகரும். ஒளியின் வேகமோ நொடிக்கு 2,99,792 கிலோமீட்டரும் சற்று மேலும்தான். பொட்டு ஒளியை மிஞ்சிவிட்டது. ஆனால் எந்த விதியும் மீறப்படவில்லை. ஏனெனில் நிலவின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு எந்தப் பொருளும் செல்லவில்லை, எந்தச் செய்தியும் செல்லவில்லை; ஒவ்வொரு ஒளித்துகளும் விளக்கிலிருந்து நிலவுக்குத் தன் வழக்கமான வேகத்திலேயே சென்று சேர்ந்தது. சுமார் 1,400 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் திரள்கள் ஒளியைவிட விரைவாக நம்மை விட்டு விலகுவதும் இத்தகையதே. அங்கே விரிவது வெளி.

ஆங்கிலம் இவை அனைத்தையும், கற்பனை விண்கலத்தின் பயணத்தையும் சேர்த்து, சூப்பர்லூமினல் என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறது. நாமும் ஒன்றுக்கு ஒன்றுதான் கொடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செய்தி எதையும் சுமக்காமல் எண்ணளவில் மட்டும் கூடுவதற்கு அம்மையாரின் 'ஒளிமிஞ்சு' இருக்கட்டும். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் கிளம்பி, ஒளிக்கு முன்னதாகப் போய்ச் சேர்வதற்கு 'ஒளிமுந்து' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் முன்மொழிவு.

'முந்து' என்ற வினையை நான் பற்றிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பந்தயத்தில் முந்தினான் என்றால் அது இடத்தைச் சுட்டும். முந்தைய நாள், முந்தி வந்தவர் என்றால் அது காலத்தைச் சுட்டும். ஐன்ஸ்டீனின் 1905-ஆம் ஆண்டுச் சார்பியலில் சிக்கல் எழுவதும் இந்த இரண்டு பொருளும் சந்திக்கும் இடத்தில்தான். ஒளியைப்போல் இருமடங்கு வேகத்தில் ஒரு செய்தி செல்வதாகக் கொண்டால், அதே திசையில் ஒளியின் பாதி வேகத்துக்கு மேல் செல்லும் ஒருவரின் கணக்கில், செய்தி போய்ச் சேர்ந்தது முதலிலும் அது அனுப்பப்பட்டது பிறகும் நிகழும். அவருடைய கணக்கு நம்முடையதைப் போலவே சரியானது. அவரும் அதேபோன்ற கருவி ஒன்றால் மறுமொழி அனுப்பினால், நான் மடலை எழுதத் தொடங்குமுன்பே அதற்கான பதில் என் கையில் இருக்கக்கூடும். இடத்தில் முந்தினால் காலத்திலும் முந்த நேர்கிறது என்பதைத் தமிழ் வினை தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. 'மிஞ்சு', 'விஞ்சு', 'மீறு' எதிலும் இது இல்லை.

நடக்கவே நடக்காத ஒன்றுக்குச் சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். முயற்கொம்புக்கும் நம் அகராதிகளில் இடம் இருக்கிறது. அன்றியும், இங்கே 'நடக்காது' என்பதையே கவனமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நிறையுள்ள பொருளை முடுக்கி ஒளியின் வேகத்தை எட்டவைக்க எல்லையற்ற ஆற்றல் தேவை. எனவே அந்த எல்லையைத் தாண்டிச் செல்ல முடியாது. ஆனால் பிறக்கும்போதே எல்லைக்கு அப்பால் பிறந்த துகளைச் சமன்பாடு அவ்வளவு எளிதில் விலக்குவதில்லை. 1962-இல் பிலானியுக், தேஷ்பாண்டே ஆகியோருடன் சேர்ந்து இதை எழுதியவர் இ. சி. ஜி. சுதர்சன், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படித்தவர், பிற்காலத்தில் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர். இமயத்தை ஏறிக் கடக்க எவராலும் முடியவில்லை என்பதால் அதற்கு வடக்கே மக்களே இல்லை என்று முடிவு கட்டலாமா என்பது அவர் தந்த உவமை. அத்துகளுக்கு 1967-இல் இயற்பியலாளர் ஃபைன்பெர்க் கிரேக்க மொழியிலிருந்து டாக்கியான் என்று பெயர் வைத்தார். அதை 'ஒளிமுந்தி' என்று ஆக்கும் ஆசை எனக்கு வந்தது. தியாகராய நகர்ப் புடவைக் கடைகளில் முந்தி என்றால் என்ன என்பது நினைவுக்கு வந்ததும் விட்டுவிட்டேன். எலக்ட்ரான், நியூட்ரினோ என்ற துகள் பெயர்களை அப்படியே வழங்குவதுபோல் டாக்கியான் என்ற பெயரையும் அப்படியே வைத்துக்கொள்ளலாம். அத்துகள் இதுவரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

புதிய சொல்லை இரண்டு இடங்களில் உரசிப் பார்த்தேன். 2011-இல் ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்திலிருந்து 730 கிலோமீட்டர் தொலைவில் இத்தாலியிலுள்ள கிரான் சாசோ ஆய்வகத்துக்கு நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முன்னதாக வந்ததாக ஓபரா என்ற ஆய்வுக் குழுவினர் அறிவித்தார்கள். அது மெய்யாக இருந்திருந்தால் ஒளிமுந்து. ஆனால் சரியாகப் பொருத்தப்படாத ஓர் ஒளியிழை வடமே முதன்மைக் காரணம் என்று 2012-இல் தெரியவந்தது. மற்றொன்று சற்று வழுக்கியது. அணு உலையின் நீருக்குள் எலக்ட்ரான்கள் ஒளியை உண்மையாகவே முந்துகின்றன, செரன்கோவ் ஒளி என்னும் நீல ஒளி அங்கே தோன்றுவது அதனால்தான். ஆனால் நீரில் ஒளியே நொடிக்குச் சுமார் 2,25,000 கிலோமீட்டராகத் தளர்ந்துவிடுகிறது. ஆகவே விளக்கத்தில் 'வெற்றிடத்தில்' என்ற சொல் கட்டாயம் இடம்பெற வேண்டும்.

ஒளியைவிட விரைவான பயணத்துக்கு மெக்சிகோவின் இயற்பியலாளர் அல்குபியேர் 1994-இல் தந்த கணிதத் தீர்வைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கலத்துக்கு முன்னுள்ள வெளி சுருங்கி, பின்னுள்ள வெளி விரிந்து, நடுவிலுள்ள குமிழி கலத்தைச் சுமந்து செல்கிறது. குமிழிக்குள் ஒளிதான் இன்னும் விரைவானது. குமிழிக்கு வெளியே வரும் ஒளியைவிடக் கலம் முன்னதாகச் சேர்கிறது. ஆகவே இதுவும் ஒளிமுந்து பயணமே. எதிர்ம ஆற்றல் அடர்த்தி தேவை என்பதால் இதைக் கட்ட முடியும் என்று நான் நம்பவில்லை. ஆங்கிலத்தில் வார்ப் டிரைவ் எனப்படும் இதற்கு 'வார்ப்பு இயக்கம்' என்று ஒருவர் எழுதியிருந்தது ஒலியால் ஏமாந்தது, வார்ப்பு பட்டறைக்குரியது. நெசவில் வார்ப் என்பது பாவு. இங்கே அதுவும் பொருந்தாது. வளைந்து கோணுவதைக் குறிக்க 'வெளிநெளிவு' என்று தொடங்கலாம். அதைத் தனி இழையில் பேசுவோம்.

தொகுப்புக்கு நான் தரும் வரி இது: ஒளிமுந்து – வெற்றிடத்தில் செல்லும் ஒளிக்கு முன்னதாகப் பொருளோ செய்தியோ போய்ச் சேர்தல். மாற்றுக் கருத்து இருப்பின் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று பக்கம் கட்டுகிறோம்.