மூன்று நாளாகச் சீழும் எரிவும், எங்கே காட்டுவது?

உப்புவெளிப் பெடியன்:
அண்ணாமாரே, வயது 24. போன கிழமை ஆணுறை இல்லாமல் ஒரு உறவு. மூன்று நாளாகச் சிறுநீர் போகும்போது எரிகிறது, காலையில் பார்த்தால் உள்ளாடையில் மஞ்சளாகச் சீழ் காய்ந்து கிடக்கிறது. பாமசியில் தந்த குளிசைக்குப் பாதி குறைந்து திரும்பவும் வந்துவிட்டது. வீட்டில் சொல்ல முடியாது.

கடலோரம்:
தம்பி, அந்தக் குளிசையை இனி வாங்க வேண்டாம். இது பெரும்பாலும் கொனோரியா, அதாவது வெட்டை. கூடவே கிளமிடியா என்ற, உறவால் தொற்றும் இன்னொரு நோயும் இருக்கலாம். கொனோரியாக் கிருமி பல மருந்துகளுக்கு மசியாமல் போய்விட்டது, அதனால்தான் செப்ட்ரியாக்சோன் ஊசி போடுகிறார்கள், கிளமிடியாவுக்கு டொக்சிசைக்கிளின் குளிசை 7 நாள். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரியில் இதற்கென்றே கிளினிக் இருக்கிறது, காசில்லை, விபரம் வெளியே போகாது.

ஓய்வுபெற்ற தாதி:
மகன், உறவால் தொற்றும் சிபிலிஸுக்கும் எச்ஐவிக்கும் இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு வாரும். சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது, சுமார் 3 கிழமையில் வந்து தானாகவே ஆறிவிடும், சுகம் என்று விட்டவர்களுக்குப் பிறகு உள்ளங்கையெல்லாம் சிவந்த தடிப்பு வந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பென்சிலின் ஊசி போட்டால் சிபிலிஸ் சுகமாகிவிடும். எச்ஐவி உடனே தெரியாது, 3 மாதத்தில் மறுபடி பாரும். அந்தப் பிள்ளைக்கும் சொல்லும், பெண்களுக்கு வெட்டையும் கிளமிடியாவும் அறிகுறியே இல்லாமல் கருப்பை வரை ஏறும்.

உப்புவெளிப் பெடியன்:
சரி அம்மா, அவளுக்குச் சொல்லிவிட்டேன். நாளைக் காலை இரண்டு பேருமே போகிறோம்.