சேபன் போன பிறகு அலபாமா: 2024 சீசனில் உண்மையான கேள்வி எது? (2024 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் முன் நடந்த பேச்சு)

கந்தன்_பர்மிங்ஹாம்

ஆகஸ்ட் 31 வெஸ்டர்ன் கென்டக்கியோட முதல் மேட்ச். 17 சீசனுக்கு அப்புறம் கோச் நிக் சேபன் இல்லாம அலபாமா யூனிவர்சிட்டி அமெரிக்கன் ஃபுட்பால் டீம் களத்துல இறங்குது. ஜனவரி 10 அன்னைக்கு அவர் ஓய்வுன்னு அறிவிச்சார், ரெண்டே நாள்ல வாஷிங்டன் யூனிவர்சிட்டில இருந்து கேலன் டிபோயரைக் கூட்டிட்டு வந்துட்டாங்க. அதுல இருந்து எல்லாரும் கோச்சைப் பத்தி மட்டும்தான் பேசுறாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்ல. ஹெட் கோச்சா அவர் கணக்கு 104 வெற்றி, 12 தோல்வி. அந்த ஆளைப் பத்தி என்ன கவலை?

என் கவலை செகண்டரி, அதாவது எதிரணி பாஸைத் தடுக்கப் பின்னாடி நிக்கிற ஆளுங்க. டெரியன் ஆர்னால்ட் என்எஃப்எல்ங்கிற தொழில்முறை லீக்ல டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போயாச்சு. கூல்-எய்ட் மெக்கின்ஸ்ட்ரி நியூ ஆர்லியன்ஸ். ஜெய்லன் கீ ஜெட்ஸ். எல்லாத்துக்கும் மேல கேலப் டவுன்ஸ்: முதல் வருஷப் பையன், 107 டேக்கிள் (பந்தோட வர்றவனைக் கீழே தள்ளுறது), டீம்லயே அதிகம். கோச் மாறின உடனே போர்ட்டல் (வீரர்கள் கல்லூரி மாறுற முறை) வழியா ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போயிட்டான். போன வருஷ ஆளுங்கள்ல மிச்சம் மலக்கை மூர் ஒருத்தர்தான். பின்னாடி நாலு பேர் புதுசுன்னா, ஏபி பத்திரிகையாளர் தரவரிசைப் பட்டியல்ல 5வது இடம் எதை நம்பிக் குடுத்தாங்க?

லைன்மேன்

கந்தன், செகண்டரி ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி ஆஃபென்ஸிவ் லைன், அதாவது பந்து எறியுற குவார்ட்டர்பேக்குக்குக் காவலா முன்னாடி நிக்கிற அஞ்சு பேர்.

போன சீசன் 49 சாக் (பந்தை எறியறதுக்கு முன்னாடியே குவார்ட்டர்பேக்கைக் கீழே தள்ளுறது) விட்டுக்கொடுத்தோம். நாற்பத்தொன்பது! ரோஸ் பவுல் செமிஃபைனல்ல மட்டும் மிச்சிகன் ஆறு தடவை நம்ம குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோவைக் கீழே தள்ளினாங்க. கடைசி ப்ளேயை இன்னொரு தடவை போட்டுப் பாருங்க. ஓவர்டைம், நாலாவது டவுன் (முன்னேறக் கிடைக்கிற நாலு வாய்ப்புல கடைசி), கோலுக்கு 3 யார்டு. ஸ்நாப், அதாவது சென்டர் பின்னாடி கொடுக்கிற பந்து, தாழ்வா வருது. மில்ரோ குனிஞ்சு பந்தைச் சேர்த்துப் பிடிச்சு நிமிர்றதுக்குள்ள நடுவுல வழியே இல்ல. 27-20, சீசன் முடிஞ்சுது. அந்த மேட்ச் முழுக்கவே ஸ்நாப் சரியா வரல. அந்த சென்டரும் இப்போ ஒஹாயோ ஸ்டேட்ல இருக்கார்.

நல்ல செய்தியும் இருக்கு. டிபோயர் கூடவே பார்க்கர் பிரெய்ல்ஸ்ஃபர்ட் வந்திருக்கார். வாஷிங்டன் லைன் 2023ல நாட்டிலேயே சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருது வாங்கினப்போ அதுல சென்டர் அவர்தான். ஆனா எடை 300 பவுண்டுக்கும் கீழ. ஜார்ஜியா டிஃபென்ஸிவ் டேக்கிள் (தடுப்பு லைன்ல நடுவுல நிக்கிற ஆள்) ஒருத்தன் நேரா மேல வந்து விழும்போது தாங்குவாரான்னு செப்டம்பர் 28ல தெரியும். இடது பக்கம் கேடின் புராக்டர் அயோவாவுக்குப் போயிட்டுத் திரும்பி வந்துட்டார், கார்டா டைலர் புக்கர் இருக்கார், அதனால அங்க பயம் இல்ல. வலது டேக்கிள், அதாவது லைனோட வலது ஓரம்? ஜே.சி. லேத்தம் என்எஃப்எல் ஆள் தேர்வுல (டிராஃப்ட்) ஏழாவது ஆளா டென்னஸி டைட்டன்ஸுக்குப் போன இடம் அது. இன்னைக்கு வரைக்கும் எலைஜா ப்ரிட்செட்டா, வில்கின் ஃபார்ம்பியான்னு முடிவாகல.

ஏதென்ஸ்காரன்

ஜார்ஜியா ரசிகன் நான், அதனால என் பேச்சை எவ்வளவு நம்பணுமோ அவ்வளவு நம்புங்க.

அந்த 49 சாக்கையும் லைன் தலையில போடுறது நியாயம் இல்ல. மில்ரோ பந்தை வச்சுக்கிட்டே இருப்பார். முதல் ஆள் ஃப்ரீயா இல்லன்னா ரெண்டாவது ஆளைப் பார்த்து உடனே எறியணும். அவர் அதுக்குப் பதிலா காலை நம்பி ஓட இடம் தேடுவார். சில நேரம் 40 யார்டு கிடைக்கும், சில நேரம் 8 யார்டு பின்னாடி போகும். டிபோயரோட ஆட்டம் வேற மாதிரி. வாஷிங்டன்ல அவரோட குவார்ட்டர்பேக் மைக்கேல் பெனிக்ஸ் போன வருஷம் 4,903 யார்டு எறிஞ்சார், சாக் வாங்கினது ரொம்பக் கம்மி. லைன் நல்லா இருந்தது ஒரு காரணம், அதைவிட முக்கியமா பந்து கையை விட்டுச் சட்டுனு போச்சு. அதே ஆட்டத்தை மில்ரோ ஆட முடியுமா? உங்க டீமோட கேள்வி அது ஒண்ணுதான்.

டஸ்கலூசா_மீனா

மில்ரோவைப் பத்தி இப்படிப் பேசுறவங்க 2023 செப்டம்பரோட நின்னுட்டாங்க. டெக்சாஸ் இங்க வந்து 34-24ன்னு ஜெயிச்ச ராத்திரி நான் மாணவர் பகுதியில இருந்தேன். மில்ரோ எறிஞ்ச பந்தை எதிரணி பிடிச்சு ரெண்டு இன்டர்செப்ஷன் போனப்போ பக்கத்துல இருந்தவங்க என்னெல்லாம் சொன்னாங்கன்னு இங்க எழுத முடியாது. அடுத்த வாரம் சவுத் ஃப்ளோரிடா மேட்ச்ல அவரை உட்கார வச்சாங்க. வேற ரெண்டு பேர் ஆடினாங்க, 17-3ன்னு தட்டுத் தடுமாறி ஜெயிச்சோம். அவர் முகம் சுளிக்கல, போர்ட்டல் பக்கம் போகல. திரும்பக் களத்துக்கு வந்தார். டெக்சாஸ் தோல்விக்கு அப்புறம் தொடர்ச்சியா 11 வெற்றி. அதுல கடைசி, எஸ்இசி (நம்ம லீக்) ஃபைனல்ல ஜார்ஜியாவோட 29 மேட்ச் தொடர் வெற்றியை நிறுத்தின 27-24. உங்களுக்கு ஞாபகம் இருக்கும், ஏதென்ஸ் அண்ணா.

23 டச்டவுன் எறிஞ்சு, ஓடி 12 டச்டவுன் போட்டவர். சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் விருது ஓட்டுல ஆறாவது. ஆபர்ன் மேட்ச்ல நாலாவது டவுன், 31 யார்டு போகணும், எண்ட் ஸோன் (டச்டவுன் போடுற பகுதி) மூலையில ஐசையா பாண்ட் கையில கொண்டுபோய் வச்சார். அதை எறியத் தெரிஞ்சவருக்கு ஒரு சம்மர்ல ரெண்டாவது ரீடும் (அடுத்த ஆளைத் தேடிப் பார்க்கிறது) சொல்லிக் கொடுக்க முடியும். பெனிக்ஸ் மாதிரி ஆடணும்னு யாரும் கேட்கல. அவருக்கு ஏத்த மாதிரி டிபோயர் மாத்திக்கணும்.

பழைய_ஆட்டம்

மன்னிக்கவும், நீங்கள் நால்வரும் முக்கியமான கேள்வியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். கேள்வி கோச்தான்.

அலபாமாவின் பழைய பெரும் கோச் பேர் பிரையன்ட் 1982இல் விலகினார். அவர் இடத்துக்கு வந்த ரே பெர்கின்ஸ் சாதாரண ஆள் இல்லை. பிரையன்டிடமே விளையாடியவர், நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் கோச்சாக இருந்தவர். வந்ததும் ஓட்டத்தை நம்பிய பழைய விஷ்போன் ஆட்டத்தை எடுத்துவிட்டு பாஸ் ஆட்டத்தைக் கொண்டுவந்தார். 1984இல் 5 வெற்றி, 6 தோல்வி. 1957க்குப் பிறகு அலபாமாவுக்குத் தோல்வி அதிகமான முதல் சீசன் அது. அடுத்து வந்த பில் கரி மூன்று வருடம் இருந்தார், மூன்று முறையும் பரம எதிரி ஆபர்னிடம் தோற்றார். 1988இல் ஓலி மிஸ்ஸிடம் தோற்றதும் அவருடைய அலுவலக ஜன்னலில் செங்கல் வந்து விழுந்தது. 1989இல் 10-2 என்று முடித்தும் அவரே வேண்டாமென்று கென்டக்கிக்குப் போய்விட்டார். ஜீன் ஸ்டாலிங்ஸ் 1992இல் தேசியப் பட்டம் வாங்கிய பிறகுதான் ஊர் அடங்கியது. பிரையன்ட் போய்ப் பத்து வருடம்!

சேபன் இங்கே ஆறு பட்டம் வாங்கியிருக்கிறார். டிபோயர் தெற்கு டகோட்டாக்காரர். தெற்கு மாநிலங்களில் ஒரு வருடம்கூட கோச்சாக இருந்ததில்லை. 104-12 என்கிறீர்கள் கந்தன். அதில் 67 வெற்றி சியூ ஃபால்ஸ் என்ற சின்னக் கல்லூரியில் வந்தது.

கந்தன்_பர்மிங்ஹாம்

ஐயா, அந்த 67 வெற்றிக்கு மூணே மூணு தோல்வி, மூணு என்ஏஐஏ (சின்னக் கல்லூரிகளோட அமைப்பு) பட்டம். சின்னக் கல்லூரியா இருந்தா என்ன, எதிர்ல ஆடுறவனும் அதே அளவு கல்லூரிதானே? பெரிய இடத்துக் கணக்கையும் பாருங்க. வாஷிங்டன் 2021ல 4-8. இவர் வந்த முதல் வருஷமே 11-2. அடுத்த வருஷம் தேசிய ஃபைனல் வரைக்கும். நம்ம ஊர்ல வந்து நம்மளை அடிச்ச அதே டெக்சாஸை சுகர் பவுல் செமிஃபைனல்ல 37-31ன்னு ஜெயிச்சவர் இவர். இதுக்கு மேல என்ன சர்டிஃபிகேட் வேணும்?

பெர்கின்ஸ் கதையும் பாதிதான் சொன்னீங்க. 1986ல அவர் 10-3.

பழைய_ஆட்டம்

1986 நான்காவது வருடம். இன்றைக்கு ஒரு கோச்சுக்கு நான்கு வருடம் யார் கொடுக்கிறார்கள்? வாஷிங்டன் யூனிவர்சிட்டி இருக்கும் சியாட்டலில் இரண்டு தோல்வியோடு சீசன் முடிந்தால் கொண்டாட்டம். இங்கே இரண்டு தோல்வி என்றால் விசாரணை. அந்த அழுத்தத்தில் ஒரு ஆள் எப்படி முடிவெடுப்பார் என்பது எந்தக் கணக்கிலும் வராது. இன்னொன்று: வாஷிங்டனில் ஆஃபென்ஸை நடத்திய ரையன் கிரப் இவரோடு வர இருந்தவர், கடைசியில் என்எஃப்எல் அணியான சீஹாக்ஸுக்குப் போய்விட்டார். அதை ஏன் யாருமே பேசவில்லை?

பாஸ் வாங்கும் ரிசீவர் ரையன் வில்லியம்ஸைத் தக்கவைத்ததை மட்டும் மனதாரப் பாராட்டுகிறேன். மொபீல் பக்கத்துப் பையன், இன்னும் 17 வயதுதான். சேபன் போனதும் விலகியவன் திரும்பி வந்தான். வீட்டு வாசலில் இருக்கும் திறமையை வெளியூர் கோச் ஒருவர் பிடித்து வைத்தது சின்ன விஷயமில்லை.

டஸ்கலூசா_மீனா

ரெண்டு தோல்வின்னா விசாரணைங்கிறது நாலு டீம் பிளேஆஃப் (தேசியப் பட்டத்துக்கான கடைசிச் சுற்றுகள்) காலத்துக் கணக்கு, ஐயா. இந்த வருஷத்துல (2024) இருந்து 12 டீம். கான்ஃபரன்ஸ் (எஸ்இசி மாதிரி லீக்) சாம்பியன்ல மேல இருக்கிற அஞ்சு பேர், மத்த ஏழு இடம் தரவரிசைப்படி. 2022 ஞாபகம் இருக்கா? டென்னஸிகிட்ட 52-49, எல்எஸ்யூகிட்ட 32-31, ரெண்டும் கடைசி ப்ளேல போச்சு. அதனாலயே வெளிய உட்கார்ந்தோம். 12 டீம் இருந்திருந்தா அந்த டீம் உள்ள இருந்திருக்கும். டிபோயருக்கு சேபனை விட ஒரு தப்பு அதிகமா பண்ண இடம் இருக்கு.

அஞ்சுல இருந்து எட்டாவது இடம் வரைக்கும் வந்தா முதல் சுற்று சொந்த ஊர்ல நடக்கும். டிசம்பர்ல நம்ம பிரையன்ட்-டென்னி ஸ்டேடியத்துல ஒரு லட்சம் பேர் நடுவுல பிளேஆஃப்! இதுவரைக்கும் யாரும் பார்க்காதது.

ஏதென்ஸ்காரன்

உள்ள வர்றதுக்கு முதல்ல அட்டவணையைத் தாண்டணும், மீனா. டெக்சாஸும் ஓக்லஹோமாவும் சேர்ந்து எஸ்இசி இப்போ 16 டீம், கிழக்கு மேற்குன்னு பிரிவே இல்ல. செப்டம்பர் 28 நாங்க உங்க ஊருக்கு வர்றோம். அப்புறம் நாக்ஸ்வில் (டென்னஸி), பேட்டன் ரூஜ் (எல்எஸ்யூ), நார்மன் (ஓக்லஹோமா), மூணும் வெளியூர். செப்டம்பர்லயே விஸ்கான்சின் வேற போறீங்க.

கந்தன் சொன்னதுல எனக்கு உடன்பாடு உண்டு. சேபனுக்கு எதிரா எங்க கோச் கர்பி ஸ்மார்ட் 1-5, அதை மறைக்க முடியாது. ஆனா அந்த அஞ்சுலயும் எதிர்ல இருந்தது சேபனோட செகண்டரி. பந்து ஸ்நாப் ஆகுறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டும், ஸ்நாப் ஆன அப்புறம் வேற ஒண்ணா மாறும். இந்தத் தடவை எங்க குவார்ட்டர்பேக் கார்சன் பெக் எறியப்போறது யாரைப் பார்த்து? முதல் வருஷ கார்னரை (செகண்டரில ஓரத்துல நிக்கிற ஆள்) பார்த்து.

கந்தன்_பர்மிங்ஹாம்

அதைத்தான் முதல் பதிவுலயே சொன்னேன்! ஆனா புது டிஃபென்ஸ் கோச் கேன் வாமக் கொண்டுவர்ற 4-2-5 (முன்னாடி 4, நடுவுல 2, பின்னாடி 5 பேர்) இந்தப் பசங்களுக்குச் சாதகம்னு நினைக்கிறேன். சேபன் டிஃபென்ஸைக் கத்துக்கவே ஒரு வருஷம் ஆகும், எத்தனையோ நல்ல பசங்க அதுக்காகவே பெஞ்சுல காத்திருந்தாங்க. வாமக் அஞ்சாவது ஆளா ஹஸ்கின்னு ஒரு இடம் வச்சு, எல்லார் கண்ணும் பந்து மேல இருக்கிற மாதிரி ஆட விடுவார். யுஎஸ்சில இருந்து டொமானி ஜாக்சன், மிச்சிகன்ல இருந்து கியான் சாப். இவங்களோட மூர். ஸேபியன் பிரவுன் முதல் வருஷமா இருந்தாலும் இறக்கித்தான் ஆகணும்.

டஸ்கலூசா_மீனா

கிளம்பிப் போன கிக்கர் வில் ரைக்கார்டை மறந்துட்டீங்க. கல்லூரி ஃபுட்பால் வரலாற்றுலயே அதிகப் புள்ளி எடுத்த கிக்கர். மயாமி ஒஹாயோல இருந்து சிறந்த கிக்கருக்கான க்ரோஸா விருது வாங்கின கிரஹாம் நிக்கல்சன் வந்திருக்கார், அதனால நான் பயப்படல. ஆனா நெருக்கமான மேட்ச்ல மூணு புள்ளிக்கு யோசிக்காம அனுப்புற அந்த நம்பிக்கை புதுசா வரணும்.

லைன்மேன்

கார்னர் யாருன்னு இவ்வளவு பேசுறீங்க, குவார்ட்டர்பேக்கை யார் துரத்தப் போறாங்கன்னு ஒருத்தர்கூடக் கேட்கல. டாலஸ் டர்னர் 10 சாக், கிறிஸ் பிராஸ்வெல் 8 சாக், ரெண்டு பேரும் என்எஃப்எல் போயாச்சு. பெக்குக்கு நாலு செகண்ட் கிடைச்சா மெக்கின்ஸ்ட்ரியும் ஆர்னால்டும் இருந்தாக்கூடத் தாங்காது. டியோன்டே லாசனும் ஜிஹாட் கேம்ப்பெல்லும் நல்ல லைன்பேக்கர்ஸ், ஆனா ஓரத்துல இருந்து வர்ற வேகம் யார்கிட்ட இருக்கு?

மில்ரோ விஷயத்துல ஏதென்ஸ்காரர் சொல்றதை நான் ஏத்துக்கல. உள்ள இடம் இடிஞ்சு விழும்போது எந்த குவார்ட்டர்பேக்கும் ரெண்டாவது ரீடுக்குப் போகமாட்டான். வெஸ்டர்ன் கென்டக்கியை எத்தனை புள்ளி வித்தியாசத்துல அடிக்கிறாங்கங்கிறது எனக்கு முக்கியம் இல்ல. முதல் குவார்ட்டர்ல வலது டேக்கிளா நிக்கிறது யாரு, மூணாவது டவுன்ல அவனுக்குத் துணையா டைட் எண்டை (லைன் ஓரத்துல நின்னு காவலும் காக்கிற, பாஸும் வாங்குற ஆள்) நிறுத்துறாங்களா, இதை மட்டும் பாருங்க. துணை இல்லாம தனியா விட்டாங்கன்னா, பயிற்சில அவனை நம்பிட்டாங்கன்னு அர்த்தம். துணை நிறுத்தினா வில்லியம்ஸ் எவ்வளவு வேகமா ஓடினாலும் பாஸ் வாங்க ஒரு ஆள் குறைவுதான்.