5.9 கம்மின்ஸ் டர்போ டீசல்ல நைட்ரஸ் மாட்டலாமா? பெட்ரோல் வண்டி கிட் ஒத்து வருமா?

ஹூஸ்டன்_கரும்புகை:
வணக்கம் மக்களே. வண்டி 2006 டாட்ஜ் ராம் 2500, 5.9 கம்மின்ஸ் காமன் ரெயில், 48ஆர்இ ஆட்டோமேட்டிக். டர்போ கம்பெனி டர்போதான், ஒரு ட்யூனர் (இஞ்சின் கம்ப்யூட்டர் செட்டிங்க மாத்தி டீசல கூட்டற சாமான்) மட்டும் போட்டிருக்கேன். பெரிய ட்யூன்ல வச்சு மிதிச்சா பின்னாடி வர்றவனுக்கு ரோடே தெரியாத அளவுக்கு புகை கக்குது. இங்க பக்கத்துல இருக்கற டிராக்ல போய் குவார்ட்டர் மைல் ஓட்டத்தான் ஆசை, தெருவுல அடிக்கப் போறதில்ல, அதனால அட்வைஸ் மழை வேணாம் 😅 ஒருத்தர்ட்ட பழைய மஸ்டாங்ல இருந்து கழட்டின வெட் நைட்ரஸ் கிட் (பவர் ஏத்த இன்டேக்ல நைட்ரஸ் ஆக்சைடு அடிக்கற செட்) ஒண்ணு சல்லிசா வருது, பாட்டில், சொலினாய்டு (கரண்ட்ல தொறக்கற வால்வு) எல்லாம் சேர்த்து. அத அப்படியே இதுல தூக்கி மாட்டிடலாமா? அப்புறம் பெட்ரோல் வண்டிக்காரங்க எல்லாம் நைட்ரஸ் கூடிப்போச்சுன்னா லீன் ஆகி (காத்துக்கு ஏத்த எரிபொருள் இல்லாம) பிஸ்டன் உருகிடும்னு சொல்றாங்களே, டீசலுக்கும் அதே கததானா?

கொங்கு_ரெஞ்ச்:
தம்பி, வெட் கிட்ட அப்படியே மாட்டிப் போடாதீங்க. அது நைட்ரஸ் கூடவே பெட்ரோலையும் சேர்த்து இன்டேக்ல தெளிக்கற சாமானுங்க. உங்க இஞ்சின் கம்ப்ரெஷன் 17க்கு 1 கிட்ட இருக்குது, ஸ்பார்க் பிளக்கே இல்லாம வெறும் அமுக்கத்துலயே தீப்புடிக்கற இடம், அதுக்குள்ள பெட்ரோல அனுப்புனா பிஸ்டன் மேல வர்றதுக்கு முன்னாலயே அது பத்திக்கும், அப்பறம் கனெக்டிங் ராடு உடைஞ்சு எங்க கிடக்குதுன்னு தேடோணும். டீசலுக்கு எப்பவும் டிரை கிட்தான், நைட்ரஸ் மட்டும் போகோணும், எரிபொருள் இன்ஜெக்டர் வழியா வர்றதே போதும்.

லீன் கதை இங்க அப்படியே தலைகீழுங்க. டீசல் சாதாரணமா காத்து மிச்சமா வச்சுக்கிட்டுதான் ஓடும், ஐடில்ல எல்லாம் பயங்கர லீன், ஒண்ணும் ஆகறதில்ல. டீசல்ல லீன்னா சூடு கம்மி, டீசல் கூடிப்போனாத்தான் சூடு. நைட்ரஸ்ங்கறது எரிபொருளே கிடையாது, ஆக்சிஜனக் கட்டிக் கொண்டாற வேலைதான் அதுக்கு. எடையில பாத்தா காத்துல 23 சதவீதம் ஆக்சிஜன், நைட்ரஸ்ல 36. சிலிண்டருக்குள்ள 300 டிகிரி செல்சியஸ் வாக்குல அது உடைஞ்சு ஆக்சிஜன விட்டுடும். அப்ப எரிக்கறதுக்கு மிச்ச டீசல் உள்ள இருந்தாத்தான் பவரு. புகையே விடாத ஸ்டாக் (கம்பெனில வந்தபடியே இருக்கற) வண்டில அடிச்சா காசுதான் கரியாகும். உங்க வண்டி கக்கற கரும்புகை இருக்குதே, அதுதான் நீங்க ஏற்கனவே காசு குடுத்து வாங்கி எரியாமப் போன பவரு, நைட்ரஸ் அத எரிக்கும். அதனாலதான் சரியா செட் பண்ணுன வண்டில நைட்ரஸ் அடிச்சதும் புகை வெளுத்து, ஈஜிடி (எக்ஸாஸ்ட் கேஸோட சூடு) இறங்கும். போதாக்குறைக்கு அது மைனஸ் 88 டிகிரில கொதிக்கற திரவம், ஆவியாகறப்ப உள்ள போற காத்தையும் சில்லுனு ஆக்கிவுட்டுரும்.

நாசில் இன்டர்கூலருக்குப் பின்னாடி, இன்டேக் ஹார்னுக்கு (இஞ்சினுக்குள்ள காத்து போற வாய்) முந்துன பைப்ல வைங்க. டர்போவுக்கு முன்னாடி வைக்கறவங்களும் இருக்காங்க, திரவம் நேராப் போயி கம்ப்ரெஸர் வீல்ல அடிக்கும், எனக்கு அது புடிக்காதுங்க.

மிச்சிகன்_மச்சான்:
அண்ணன் சொன்னதெல்லாம் கரெக்ட், ஆனா யாரும் கியர்பாக்ஸ் பத்தி பேசவே இல்லயே? 48ஆர்இ ப்ரோ அது! ஸ்டாக்ல 325 எச்பி, 610 பவுண்ட் அடி டார்க்குக்கு செஞ்ச பெட்டி, ட்யூனர் போட்டதுலயே அது பாதி அழுதுட்டு இருக்கும், இதுக்கு மேல நைட்ரஸ் டார்க் பட்டுனு ஏறினா டார்க் கன்வர்ட்டர் (இஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கறது) ஸ்லிப் ஆகி கிளட்ச் எல்லாம் கருகிடும். டிரான்ஸ்மிஷன் டெம்பரேச்சர் கேஜ் இருக்கா? பைரோமீட்டர் (எக்ஸாஸ்ட் சூடு காட்டற கேஜ்) இருக்கா? பூஸ்ட் கேஜ்? இது மூணும் இல்லாம நைட்ரஸ் பட்டன்ல கை வைக்காத. பைரோ டர்போவுக்கு முன்னாடி மேனிஃபோல்ட்ல வைக்கணும், பின்னாடி வச்சா கம்மியா காட்டி ஏமாத்தும். 1,250 ஃபாரன்ஹீட்டுக்கு மேல ரொம்ப நேரம் நிக்க விடக்கூடாதுன்னுதான் எல்லாரும் சொல்ற கணக்கு.

அப்புறம் லீன் பயம் இல்லன்னதும் ஜாலின்னு நெனச்சுடாத, டீசல்ல கொல்றது சிலிண்டர் பிரஷர். ஹெட் தூக்கி கேஸ்கட் போகும், அதனால ஹெட் ஸ்டட் (ஹெட்ட இறுக்கிப் பிடிக்கற பலமான போல்ட்) முதல்ல. என்னைக் கேட்டா இந்த காச கன்வர்ட்டர்லயும் ஸ்டட்லயும் போட்டுட்டு நைட்ரஸ அடுத்த வருஷம் பாரு.

ஸ்மோக்_சிங்காரம்:
நைட்ரஸ் கூட கொஞ்சம் புரோப்பேனும் சேர்த்து விட்டா இன்னும் செமயா இருக்குமாமே?

கொங்கு_ரெஞ்ச்:
@ஸ்மோக்_சிங்காரம் ஏனுங்க இவரு ஏற்கனவே டீசல் மிச்சமாகித்தான் புகை கக்கிட்டு இருக்காரு, புரோப்பேன் இன்னொரு எரிபொருள், அத எதுக்குங்க ஊத்தறது? அதும் காத்தோட கலந்தே உள்ள போறதுனால எப்ப பத்தும்னு நம்ம கையில இல்ல. வேண்டாமுங்க.

ஹூஸ்டன்_கரும்புகை:
சூப்பர் அண்ணே, ரொம்ப தேங்க்ஸ். @மிச்சிகன்_மச்சான் பைரோவும் பூஸ்ட்டும் இருக்கு, டிரான்ஸ் கேஜ் இல்ல, ஆர்டர் போடறேன். சரி அப்ப மஸ்டாங் கிட்ல எதாவது உதவுமா இல்ல மொத்தமா வேண்டாமா? எந்த ஆர்பிஎம்ல அடிக்கறது? லைன்ல நிக்கும்போதே அடிச்சா டர்போ சீக்கிரம் எந்திரிக்கும்னு ஒரு வீடியோல பாத்தேன். அப்புறம் பாட்டில் பின் சீட்டுக்குக் கீழ வைக்கலாம்னு இருக்கேன், இந்த ஊரு வெயில்ல ஒண்ணும் ஆகாதே?

கொங்கு_ரெஞ்ச்:
பாட்டில், பிராக்கெட், நைட்ரஸ் சொலினாய்டு, லைன் இதுக எல்லாம் ஆகும், பெட்ரோல் சொலினாய்டும் அந்த நாசிலும் தூக்கிக் கடாசுங்க. பாட்டில் கழுத்துக்கிட்ட தேதி குத்தியிருக்கும், 5 வருசத்துக்கு ஒருக்கா ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி அழுத்தி பாட்டில் தாங்குதான்னு பாக்கறது) பண்ணியிருக்கோணும், தேதி தாண்டியிருந்தா ஒழுங்கான கடையில கேஸ் ரொப்பித் தரமாட்டாங்க. பழைய சொலினாய்டுக்கு உள்ளார சீல் மாத்திப் போடுங்க, அது தொறந்தபடி மாட்டிக்கிச்சுன்னா இஞ்சின் நிறுத்தியிருந்தாலும் இன்டேக்ல நைட்ரஸ் ரொம்பிட்டே இருக்கும், அடுத்த தடவ ஸ்டார்ட் பண்றப்ப வெடிதான்.

லைன்ல நிக்கறப்ப அடிக்கறது பெரிய டர்போ போட்டு பூஸ்ட் வராம தவிக்கறவங்க செய்யற வேலை, உங்க ஸ்டாக் டர்போ தானாவே எந்திரிச்சுக்கும். கம்மி ஆர்பிஎம்ல அடிச்சா பிஸ்டன் மெதுவா நகர்றப்ப பிரஷர் எல்லாம் ஒரே இடத்துல குமிஞ்சு ராடு வளையும். முழுசா மிதிச்சாத்தான் வேலை செய்யற மாதிரி பெடல்ல ஒரு மைக்ரோ சுவிட்ச், பூஸ்ட் 20 பிஎஸ்ஐ தாண்டுனாத்தான் கரண்ட் விடற பிரஷர் சுவிட்ச், டேஷ்ல ஒரு ஆர்மிங் சுவிட்ச், மூணும் ஒண்ணு பின்னால ஒண்ணா சீரியஸ்ல, ரிலே ஃபியூஸோட. மொதல்ல 50 எச்பி ஜெட்லயே (நைட்ரஸ் அளவக் கட்டுப்படுத்தற சின்ன ஓட்டை) ஆரம்பிங்க. பூஸ்ட் கேஜ் வழக்கத்த விட ரொம்ப ஏறுனா நிறுத்திருங்க, எக்ஸாஸ்ட் வேகம் கூடி ஸ்டாக் டர்போ அளவுக்கு மீறிச் சுத்தும்.

பாட்டில் கேபினுக்குள்ள வேண்டாமுங்க, வெளிய, பின்னாடி சரக்கு ஏத்தற பெட்லயே வைங்க. உள்ளதான் வைப்பேன்னா சேஃப்டி டிஸ்க்குல (பிரஷர் அளவுக்கு மீறுனா கிழிஞ்சு கேஸ வெளிய விடறது) இருந்து வெளிய போற குழாய் கட்டாயம், டிராக்ல இன்ஸ்பெக்ஷன்லயே பார்ப்பாங்க. 70 டிகிரி ஃபாரன்ஹீட்ல 750 பிஎஸ்ஐ இருக்கும், நமக்கு வேணுங்கறது 900, 950. சூடேத்தறதுக்கு தெர்மோஸ்டாட் வச்ச ஹீட்டர் பெல்ட்டு மட்டும், டார்ச் காட்டறவன் கிட்டயே நிக்காதீங்க. உங்க ஊர்ல ஜூலைல ஹீட்டரே வேண்டியதில்ல, 97 தாண்டுனா உள்ள திரவமே நிக்காது, எல்லாம் கேஸாயிரும், ஈரத்துணி போட்டு குளுமையா வச்சாத்தான் ஒரே அளவா போகும். படுக்க வைக்கறப்ப வால்வு பக்கம் கொஞ்சம் தூக்கலா, லேபிள் மேல பாத்து இருக்கோணும், உள்ள இருக்கற சைஃபன் குழாய் அப்பத்தான் திரவத்துல முங்கும்.

மிச்சிகன்_மச்சான்:
10 பவுண்ட் பாட்டில்னா 100 எச்பிக்கு மொத்தமா ஒண்ணரை நிமிஷத்துக்கு மேல எதிர்பார்க்காத ப்ரோ. 50 ஜெட்ல டபுள். டிரான்ஸ் கேஜ் வந்ததும் முதல்ல நைட்ரஸ் இல்லாம ஒரு பாஸ் ஓட்டி டெம்பரேச்சர் என்ன வருதுன்னு இங்க போடு, அத பாத்துட்டு கன்வர்ட்டர் பேசலாம்.

ஹூஸ்டன்_கரும்புகை:
டன். பாட்டில் தேதி பாத்துட்டு கிட் விலைய இன்னும் அடிச்சுப் பேசறேன், பெட்ரோல் சொலினாய்ட அவர்ட்டயே வச்சுக்க சொல்லிடலாம்.