சுவரோவிய ஊருக்குப் போய்வந்தவர்களின் அனுபவங்கள்

காட்பாடியிலிருந்து:

குடியாத்தத்திற்கு அப்பால் ஊரார் தாமே தெருச் சுவர்களிலெல்லாம் ஓவியம் எழுதியிருக்கும் அந்தச் சிற்றூரைப் பற்றிப் பலரும் இங்கு எழுதிவிட்டதால், நான் வழியை விவரிக்கவில்லை. பீடி சுற்றும் பெண்ணின் ஓவியத்தைப் படமெடுக்க விரும்பி, அதன் கீழே திண்ணையில் அமர்ந்திருந்த முதியவரிடம், "அம்மா, கொஞ்சம் நகர்ந்துக்கிறீங்களா, படம் மறைக்குது" என்றேன். அவர் மறுப்பேதும் சொல்லாமல் மடியிலிருந்த முறத்தை இறக்கிவைத்துவிட்டு, தூணைப் பற்றிக்கொண்டு எழுந்து, வெயிலில் போய் நின்றார். வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், ஓவியத்துப் பெண்ணின் முறமும், அதன் ஓரத்தில் சுற்றியிருந்த நீலத் துணியும், வளைந்த சுண்டுவிரலும் அவருடையவை என்பது தெரிந்தது. மூன்று மாதமாகியும் அந்த உறுத்தல் போகவில்லை.

ராணிப்பேட்டையிலிருந்து:

நண்பர் தம்மை மட்டும் நொந்துகொள்வதை நான் ஏற்கவில்லை. "அது நான்தான்" என்று அந்த அம்மா சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டது அவர் விருப்பம். ஒடிசாவின் புரிக்கு அருகே, பட்டச்சித்திரம் என்னும் துணி ஓவியம் எழுதும் குடும்பங்கள் வாழும் ரகுராஜ்பூருக்கு நான் சென்றிருக்கிறேன். வீட்டுச் சுவர்களெல்லாம் ஓவியமாக இருக்கும் அவ்வூரில் ஒரு பெரியவர் என்னைத் திண்ணையில் அமர்த்தி, புளியங்கொட்டைப் பசையும் சுண்ணத்தூளும் பூசிய துணியைக் கல்லால் தேய்த்து மெருகேற்றிக் காட்டினார். அவருடைய கட்டைவிரல் நகத்தின் இடுக்கு வரை வெண்மை படிந்திருந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அங்கு யாரும் யாரையும் நகரச் சொல்லவில்லை, பேசிவிட்டுத்தான் படமெடுத்தார்கள்.

வாணியம்பாடியிலிருந்து:

ரகுராஜ்பூரை இதற்கு ஒப்பிடுவது பொருந்தாது. அங்கே ஓவியமே பிழைப்பு. நம் பக்கத்தில் பீடியும் தறியும் பிழைப்பு, ஓவியம் ஓய்வு நேரத்தில் எழுதுவது. எங்கள் தெருவிலும் பாரதக் கூத்தின் துரியோதனனை எல்லோரும் சேர்ந்து எழுதினோம். ஐப்பசி மழை விட்ட மறுநாள் அவன் முகம் மட்டும் ஒரே தோலாக உரிந்து என் கையோடு வந்தது.

இனி எழுதப்போகிறவர்கள் இதைக் கேளுங்கள். மண்சுவரின் மேல் சிமென்ட் பூசாதீர்கள்; உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி உப்புப் பூத்து, பெயின்ட்டைத் தள்ளிவிடும். சித்திரை வெயிலில் சுவர் நன்றாகக் காய்ந்தபின், நீர்த்த சுண்ணாம்பை மெல்லியதாக இரண்டு மூன்று முறை அடித்து, ஒவ்வொரு பூச்சும் உலர்ந்தபின் அடுத்ததைத் தொடங்குங்கள். நம் மலையாம்பட்டு அருகே ஆர்மாமலைக் குகையில், ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டின் சமண ஓவியங்களுடைய எச்சம் இன்னும் இருக்கிறது; மழை படாத இடத்தில் இருப்பதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே கூரை இறவாணம் நீண்டிருக்கும் சுவரையே தேர்ந்தெடுங்கள். தரையிலிருந்து இரண்டடி வரை மழைநீர் தெறிக்குமாதலால் அங்கே காவிப்பட்டையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

காட்பாடி நண்பர் அந்தப் படத்தை அச்சிட்டு அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். போகும்போது, திண்ணைக்கு மேலே சுவரில் உப்புப் பூத்திருக்கிறதா என்றும் பார்த்து எழுதுங்கள். அடுத்த மழைக்குள் ஏதாவது செய்ய முடியும்.