கட்டை ஆச்சிக்கு இரண்டு பக்கம்

குழு: மேலத்தெரு சொந்தங்கள், கோவில்பட்டி
ஞாயிற்றுக்கிழமை

[காலை 6:12] நான்: எல்லோருக்கும் வணக்கம். கட்டை ஆச்சிக்கு வருகிற வியாழக்கிழமை பதினாறாம் நாள். தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நேற்றைய மழையில் கிழிந்துபோனது. அதில் இருந்ததும் பெயர், வயது 84, யாருக்கு மனைவி, யார் யாருக்குத் தாய், அவ்வளவுதான். படிப்பகத்துக்கு ஒரு பெரிய நோட்டு வாங்கி அட்டை போட்டு வைத்திருக்கிறேன். நம் தெருவில் இருந்து போனவர்கள் ஒவ்வொருவருக்கும் இரண்டு பக்கம். என்ன வேலை பார்த்தார்கள், எப்படி இருந்தார்கள் என்று எழுதிவைக்க வேண்டும். முதல் இரண்டு பக்கம் ஆச்சிக்கு. தெரிந்ததை இங்கே போடுங்கள், நான் நோட்டில் ஏற்றிவிடுகிறேன்.

[காலை 6:20] துபாய் அண்ணன்: ஆழ்ந்த இரங்கல் 🙏

[காலை 6:21] நான்: அண்ணே, இரங்கல் எல்லாம் அன்றைக்கே போட்டாச்சு. நீங்கள் கண்ணால் பார்த்தது ஒன்று எழுதுங்கள்.

[காலை 6:23] துபாய் அண்ணன்: சரி, கேம்ப் பஸ்ஸில் ஏறிவிட்டு எழுதுகிறேன்.

[காலை 6:41] மதுரை சித்தி: நல்ல காரியம் பாப்பா. "தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளை வளர்த்தார்" என்று முதல் வரியாகப் போடு.

[காலை 6:55] வாத்தியார் மாமா: தப்பு. அவர்கள் பெட்டி ஒட்டவில்லை. கட்டை அடுக்கினார்கள். எழுதுவது என்றால் சரியாக எழுத வேண்டும்.

[காலை 6:58] மதுரை சித்தி: ஆமா மாமா, அவசரத்தில் எழுதிவிட்டேன். பெட்டி ஒட்டினது நாங்கள்.

[காலை 7:02] கீழவீட்டு மருமகள்: நான் இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஆச்சி ஆபீஸுக்குப் போனார்கள் என்றும் சொல்கிறீர்கள். எந்த ஆபீஸ்?

[காலை 7:15] வாத்தியார் மாமா: நம் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலைக்குப் பெயரே ஆபீஸ்தான் அம்மா. தீப்பெட்டி ஆபீஸ். பெட்டி ஒட்டுவது வீட்டுத் திண்ணையில் நடக்கும். மரச்சீவலை மடித்து நீலத்தாள் சுற்றி அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டி 144 சேர்ந்தால் ஒரு குரோஸ். கட்டை அடுக்குவது ஆபீஸ் வேலை. வரிவரியாகப் பள்ளம் வெட்டிய சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாகப் படுக்கவைத்து, அதன்மேல் அடுத்த சட்டம், அதன்மேல் அடுத்தது என்று அடுக்கி இறுக்குவார்கள். அதுதான் ஒரு கட்டை. குச்சி நுனி எல்லாம் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். அதை அப்படியே மெழுகில் தோய்த்து, பிறகு மருந்தில் முக்குவார்கள். ஒரு குச்சி உள்ளே போயிருந்தாலும் அதற்கு மருந்து ஏறாது. எத்தனை கட்டை முடிக்கிறோமோ அத்தனைக்குத்தான் காசு.

[காலை 7:21] மதுரை சித்தி: நாங்கள் ஒட்டிய பசையில் மயில்துத்தம் கலந்திருப்பார்கள். நகக்கண் எல்லாம் அரித்துப் புண்ணாகிவிடும், சோற்றைப் பிசைய முடியாது. ஆச்சி ஆபீஸ் விட்டு வரும்போது எங்கள் திண்ணையில் உட்கார்ந்து, "கையைக் காட்டுங்கட்டி" என்று எங்கள் மூன்று பேர் விரலுக்கும் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும். அதன் விரல் நுனி தேய்ந்து வழவழவென்று இருக்கும். ஆதார் எடுத்தபோது ரேகையே விழவில்லை. மூன்று தடவை போய் வந்தது, நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

[காலை 7:24] நான்: சித்தி, இதை அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

[காலை 7:40] துபாய் அண்ணன்: சீவலப்பேரித் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வந்த காலம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ராத்திரி ஒரு மணி, ரெண்டு மணி என்று எப்போது வேண்டுமானாலும் வரும். குழாயில் முதலில் காற்றுச் சீறும். அந்தச் சத்தம் ஆச்சிக்குத்தான் முதலில் கேட்கும். எழுந்து ஒவ்வொரு கதவாகத் தட்டும். எழுந்திருக்காதவர்கள் குடத்தையும் வரிசையில் நகர்த்திக்கொண்டே போகும். அம்மா தங்கச்சியைப் பெற்று ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டில் நானும் அப்பாவும்தான். எங்கள் குடம் பச்சை பிளாஸ்டிக், விளிம்பு கிழிந்து சூடு போட்டு ஒட்டின தழும்பு இருக்கும். இருட்டில் தடவிப் பார்த்தே அது எங்கள் குடம் என்று ஆச்சி சொல்லிவிடும். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் மூன்று குடம் நிறைந்து நிற்கும்.

[காலை 7:42] துபாய் அண்ணன்: இங்கே குளிக்கும்போதெல்லாம் அந்தக் குடம் ஞாபகம் வரும். நன்றி என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

[காலை 8:10] டெய்லர் பெரியப்பா: நான் அவளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்தவன். வலது தோளில் மட்டும் தையல் சீக்கிரம் விட்டுவிடும். நாள் முழுக்க அந்தக் கைதானே ஆடியது. ரெட்டைத் தையல் போட்டுத் தருவேன். கூலியைக் கடன் சொல்லி அவள் நின்றதில்லை.

[காலை 8:14] மதுரை சித்தி: பெரியப்பா, அந்த அரக்குச் சுங்குடிச் சேலைக்கு ரவிக்கை தைத்ததும் நீங்கள்தானே? செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் தேருக்கு வருஷாவருஷம் அதைத்தான் கட்டி வரும். கரை நைந்துபோன பிறகும் விடவில்லை.

[காலை 8:16] டெய்லர் பெரியப்பா: நான்தான். சேலை யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டேன், சொல்லவில்லை.

[காலை 9:30] கீழவீட்டு மருமகள்: எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து 2 ரூபாய் ஆனது. டிவியில் அந்தச் செய்தி போனதை, பிறகு ஒருநாள் ஆச்சி வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தபோது என் மாமியார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி உடனே, "1995-ல 50 காசு. 2007-ல ஒரு ரூபாய். இப்ப ரெண்டு" என்று வாய்ப்பாடு மாதிரிச் சொன்னார்கள். அப்புறம், "கட்டைக்கு எவ்வளவு கூட்டிக் கொடுக்கிறானாம்?" என்று கேட்டார்கள். யாருக்கும் பதில் தெரியவில்லை. அவர்கள் வேலையை விட்டு எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது, ஆனாலும் அதைத்தான் கேட்டார்கள்.

[காலை 9:36] வாத்தியார் மாமா: இப்போது கட்டை அடுக்க ஆளே தேவையில்லை, முக்கால்வாசி எந்திரம்தான். அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் நம் தெருவில் இன்னும் இரண்டு பேர்தான் இருக்கிறார்கள். அவர்களிடமும் இப்போதே கேட்டு எழுதிக்கொள் பாப்பா. பதினாறாம் நாள் வரட்டும் என்று காத்திருக்காதே.

[பகல் 12:05] கடலைமிட்டாய் மாமா: கடையில் கூட்டம், இப்போதுதான் பார்க்கிறேன். 2020 ஏப்ரலில் நம் ஊர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, ஊரடங்கு என்று கடை பூட்டியிருந்தது. ஆச்சிதான் வாசலில் நின்று சத்தம் போட்டுச் சொன்னது, "உன் அப்பன் பாகு காய்ச்சின கைக்குப் பட்டயம் வந்திருக்குடா" என்று. என் அப்பாவுக்கும் நோட்டில் இரண்டு பக்கம் வேண்டும்.

[பகல் 12:07] நான்: கட்டாயம் மாமா. தபால்கார அண்ணாச்சிக்கும், ஹாக்கி மட்டைக்குக் கயிறு சுற்றிக் கொடுத்த தாத்தாவுக்கும் வைத்திருக்கிறேன். ஒவ்வொருவராக வருவோம்.

[மாலை 5:48] நர்ஸ் அக்கா: டியூட்டி முடிந்து இப்போதுதான் எல்லாம் படித்தேன். உண்மையைச் சொல்கிறேன், நோட்டில் போடுவது உங்கள் விருப்பம். எனக்கு ஆச்சிமேல் ரொம்ப நாள் கோபம் இருந்தது. நான் ஐந்தாம் வகுப்பு. 1985. அப்பா இடுப்பு ஒடிந்து படுக்கையில் கிடந்தார். என்னை ஆபீஸுக்கு அனுப்புவது என்று அம்மா முடிவு பண்ணிவிட்டாள். விடியற்காலை நாலரைக்கு ஆபீஸ் வண்டி தெருமுனையில் ஆரன் அடிக்கும். முதல்நாள் ஏறிப் போனேன். இரண்டாம் நாள் நான் படியில் கால் வைத்ததும் ஆச்சி என் கையைப் பிடித்துக் கீழே இறக்கி, "வீட்டுக்குப் போ" என்று எல்லோர் முன்னாலும் கத்தினாள். தூக்குவாளி உருண்டு கஞ்சி எல்லாம் கொட்டிவிட்டது. கூடப் படித்த பிள்ளைகள் வண்டியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமை அவர்கள் கையில் காசு இருக்கும், என் கையில் இருக்காது. வீட்டுக் கஷ்டம் தெரியாமல் இப்படிப் பண்ணிவிட்டாளே என்று நினைத்தேன்.

[மாலை 5:51] நர்ஸ் அக்கா: பெரியவளான பிறகு, நம் நல்லதுக்குத்தான் செய்தாள் என்று புரிந்தது. ஆனால் அந்த வருஷம் நாங்கள் எப்படிச் சாப்பிட்டோம் என்று மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

[மாலை 6:05] வாத்தியார் மாமா: அந்த வருஷம் உன் வகுப்பு வாத்தியார் நான். ஆனி மாதம் பதினேழு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். 1982-இல் சத்துணவு வந்த பிறகும் நின்றார்கள். மதியச் சோறு பிள்ளைக்குக் கிடைக்கும், வீட்டுக்குக் கூலி கிடைக்காதே. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-இல்தான் வந்தது. நான் வீடு வீடாகப் போய்ப் பேசினேன், ஒருவரும் அனுப்பவில்லை. திரும்பி வந்தது நீ ஒருத்திதான். என் பேச்சைக் கேட்டு அனுப்பினார்கள் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

[மாலை 6:40] கணக்கு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[மாலை 6:44] நான்: மாமா, என்ன எழுதி அழித்தீர்கள்?

[இரவு 7:30] கணக்கு மாமா: தாத்தா சொல்லச் சொல்ல நான் டைப் பண்ணுகிறேன், பேரன். "நான் உயிரோடு இருக்கும்வரை யாருக்கும் தெரியக்கூடாது" என்று மதினி சத்தியம் வாங்கியிருந்தாள். இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். ஆபீஸில் கணக்கு எழுதியவன் நான். அந்தப் பிள்ளையின் பெயரை நோட்டில் ஏற்றியவனும் நான்தான். அதற்குப் பத்து வயது என்று தெரிந்துதான் எழுதினேன். அது என் தப்பு, அதையும் நோட்டில் எழுது.

[இரவு 7:38] கணக்கு மாமா: பிள்ளையை இறக்கிவிட்ட அன்று மதினி என் மேசைக்கு வந்தாள். "அது பேரை அடிக்காத. அது வராது. அது கணக்குல தினம் ரெண்டு கட்டை நான் தாரேன்" என்றாள். அஞ்சு மணிக்கு மற்றவர்கள் குச்சித் தூசியைத் தட்டிவிட்டு எழுந்து போவார்கள். அவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். விளக்குப் போட்டால் முதலாளி கேட்பார் என்று ஜன்னல் வெளிச்சத்தில் அடுக்குவாள். வெளிச்சம் போனதும் விரலால் தடவியே குச்சி மட்டம் பார்ப்பாள். கடைசி ரெண்டு கட்டைக்கும் கோடு போட நான் காத்திருப்பேன். சனிக்கிழமை அந்தக் கூலியை உன் அம்மாவிடம் நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

[இரவு 7:41] நர்ஸ் அக்கா: அம்மாவுக்குத் தெரியுமா மாமா?

[இரவு 7:46] கணக்கு மாமா: ஆபீஸ் முன்பணம் என்று சொல்லித்தான் கொடுத்தேன். ரெண்டாவது வாரமே கண்டுபிடித்துவிட்டாள். மதினி வீட்டுக்குப் போய் அழுதாளாம். அதற்குப் பிறகு ரெண்டு பேரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதாக எனக்குத் தெரியவில்லை.

[இரவு 7:49] துபாய் அண்ணன்: 🙏🙏

[இரவு 8:20] நர்ஸ் அக்கா: அந்த அரக்குச் சுங்குடிச் சேலையை எடுத்தது அம்மா. பருத்தி எடுக்கப் போய் வாங்கிய கூலியில், எங்களுக்கு ஒரு துணியும் எடுக்காமல் அதை எடுத்தாள். கடைக்கு நானும் கூடப் போனேன். ஆச்சிக்கு எதற்கு என்று சண்டை போட்டேன். "கடன்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள். நான் மளிகைக் கடன் ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

[இரவு 8:23] மதுரை சித்தி: அந்தச் சேலையைத்தான் அன்றைக்கு அதன்மேல் போர்த்தினோம். புதுக்கோடிக்கு உள்ளே போட்டோம். மகள்தான் பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். நான் என் கையால் மடிப்பைப் பிரித்தேன்.

[இரவு 8:24] நர்ஸ் அக்கா: சித்தி…

[இரவு 8:50] வாத்தியார் மாமா: கணக்கு அண்ணாச்சி, இத்தனை வருஷம் எதிர்வீட்டில் இருந்தும் என்னிடம் சொல்லவில்லையே. சரி, சத்தியம் சத்தியம்தான்.

[இரவு 9:15] நான்: நோட்டில் முதல் பத்தி இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.
"கட்டை ஆச்சி. மேலத்தெரு. தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கியவர். குச்சி மட்டத்தை விரலாலேயே பார்ப்பார். தண்ணீர் வரும் ராத்திரிகளில் தெருவை எழுப்பியவர். 1985-இல் தெருவில் ஒரு பிள்ளையை ஆபீஸ் வண்டியிலிருந்து இறக்கிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பி, அதன் கணக்கில் தினமும் இரண்டு கட்டை தானே அடுக்கிக் கொடுத்தார்."

[இரவு 9:18] வாத்தியார் மாமா: சரியாக இருக்கிறது. எத்தனை நாள் என்று போட வேண்டும்.

[இரவு 9:19] நர்ஸ் அக்கா: "ஒரு பிள்ளை" என்று போடாதே. என் பெயரைப் போடு.

[இரவு 9:33] கணக்கு மாமா: தாத்தா தூங்கப் போய்விட்டார், எழுப்பிக் கேட்டேன். ஆனியில் தொடங்கியது. மாசியில் பருத்தி எடுப்பு வந்து உங்கள் அம்மா கூலிக்குப் போகும்வரை. நடுவில் காய்ச்சலில் கிடந்த நாலு நாள் மட்டும் கோடு இல்லையாம். அந்த நாலு நாள் கட்டையையும் அடுத்த வாரம் சேர்த்துக் கொடுத்துவிட்டாராம்.

[இரவு 9:40] நர்ஸ் அக்கா: வியாழக்கிழமை லீவு சொல்லிவிட்டேன். புதன்கிழமை நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுகிறேன். கணக்கு மாமாவை முதலில் பார்க்க வேண்டும், அவர் எழுந்திருக்கும் நேரம் என்ன என்று கேட்டுச் சொல்லுங்கள்.

[இரவு 9:42] கணக்கு மாமா: நாலரைக்கே எழுந்து உட்கார்ந்திருப்பார் அத்தை. வாங்க.