கலிபோர்னியாவில் எக்ஸ்ரே சான்றிதழ்: வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மதுரையில் பி.எஸ்சி. ரேடியோகிராபி படித்து, ஒன்பது ஆண்டுகள் எக்ஸ்ரே எடுத்தவள் நான். "மூச்சை இழுத்து அடக்குங்கள்" என்று நாளைக்கு நூறு முறை சொன்ன வாய் இது! இப்போது சான் ஹோசேயில் சும்மா இருக்கிறேன்.

இங்கே சிஆர்டி (சான்று பெற்ற எக்ஸ்ரே தொழில்நுட்பர்) ஆவதற்கு மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை சான்றிதழ் தர வேண்டும். உடலுக்குள் நடப்பதை எக்ஸ்ரேயால் நேரலையாகத் திரையில் பார்க்கும் ஃப்ளோரோஸ்கோப்பிக்கு அதற்கு மேல் தனி அனுமதி. எக்ஸ்ரே தொழில்நுட்பர்களுக்குச் சான்று தரும் அமெரிக்க அமைப்பான ஏஆர்ஆர்டியின் தேர்வு எழுதலாம் என்றால், அவர்கள் அங்கீகரித்த பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 2015 முதல் அசோசியேட் பட்டமாவது (இங்குள்ள இரண்டாண்டுப் பட்டம்) கட்டாயம். பட்டம் கையில் இருக்கிறது, பயிற்சிதான் இடிக்கிறது. ஒரு கல்லூரியில் விசாரித்தேன்; முதலிலிருந்து படிக்கச் சொல்லிவிட்டார்கள்.

உடற்கூறியல், இயற்பியல் பாடங்களுக்காவது விலக்கு வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? எந்தச் சமுதாயக் கல்லூரியில்? மதிப்பெண் பட்டியலை யாரிடம் கொடுத்து மதிப்பிட்டீர்கள்? கைக்குழந்தை இருக்கிறது, மருத்துவமனைப் பயிற்சிக்கு வாரம் எத்தனை நாள் போக வேண்டியிருந்தது என்பதையும் சொல்லுங்கள்.