மனக்காயச் சிகிச்சைக்கு நம்ம ஊர்ப் பேச்சு வேண்டும்

வேலூர், குடியாத்தம், ஆம்பூர் பக்கத்து நண்பர்களே, இஎம்டிஆர் (EMDR: பழைய வேதனையை நினைத்தபடி கண்ணை இடவலமாக ஓட்டி மனக்காயத்தை ஆற்றும் முறை) சிகிச்சைக்கான கேள்விகளைத் தமிழில் எழுதுகிறோம். மொழியில் உதவுங்கள்.

1987-இல் ஃபிரான்சீன் ஷப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் தொடங்கிய இம்முறையில் எட்டுக் கட்டங்கள். மூன்றாவதில்தான் சிக்கல். சிகிச்சைக்கு வந்தவர், பழைய காட்சியை நினைத்ததும் தன்னைப் பற்றி இப்போது மனசில் எழுவதை ஒரே வரியில் சொல்ல வேண்டும். "விபத்து நடந்தது" வெறும் செய்தி, உதவாது. "எல்லாம் தலையெழுத்து" என்றாலும் அதில் 'நான்' இல்லை. "நான் கையாலாகாதவன்" பொருந்தும். ஆனால் யார் வீட்டில் அப்படிப் பேசுகிறார்கள்? "என்னால ஒண்ணும் ஆவாது" மாதிரி வரிகள் தேவை. அதற்கு மாற்றான நல்ல வரியும் தேவை. "அது நடக்கவேயில்ல" கூடாது, மனசு ஏற்காது. "அது முடிஞ்சிபோச்சி, இப்ப பத்திரமா கீறேன்" சரி.

அடுத்தது அளவு. வேதனைக்கு 0 முதல் 10. நல்ல வரியை எவ்வளவு நம்புகிறார் என்பதற்கு 1 முதல் 7. முதலாவது இறங்கணும், இரண்டாவது ஏறணும்; இங்கேதான் குழப்பம் வரும். வேதனைக்குக் குடத்துத் தண்ணீர், நம்பிக்கைக்கு ஏணிப்படி என்று வைத்தால் புரியுமா?

கண்ணை இடவலமாகச் சுமார் 24 முறை ஓட்டியபின் கேட்பது: "இப்ப இன்னா வருது?" இது போதுமா? (கண் வலித்தால் இரு கைகளிலும் மாற்றி மாற்றித் தட்டலாம்.)

சொல் எந்த ஊருடையது என்றும் எழுதுங்கள். வீட்டில் தெலுங்கு, உருது பேசுவோரும் சொல்லலாம். சொந்த அனுபவங்களை இங்கே எழுத வேண்டாம். தயாரிப்புக் கட்டம் இல்லாமல் வீட்டில் செய்துபார்த்தால் நினைவுகள் வெள்ளமாய்ப் பாயலாம். அவசரத்துக்கு டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) 14416.